ஏழைச் சிறுவர்க்கு எழுத்தும் அச்சும் கற்பித்த புனித தொன் பொஸ்கோ

புனித தொன் பொஸ்கோ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, விளையாட்டுத் திடலிலே சிறுவர்கள் புடைசூழ நிற்கும் ஒரு குருவானவரின் உருவமே. கயிற்றின் மேல் நடந்து வித்தை காட்டிய பாலகன், ஒன்பது வயதிலே கனவு கண்டவர், இரவு வேளைகளில் அவருக்குத் துணையாக வந்த சாம்பல் நிற நாய், இவை யாவும் மறைக்கல்வி வகுப்புகளில் நாம் சிறு வயதிலேயே கேட்டறிந்த கதைகள். ஆனால், அவர் தமது வாழ்நாளில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எழுத்துப் பணியில் ஈடுபட்டவர் என்பதும், ஒரு பெரு நகரத்தின் தெருக்களில் அலைந்து திரிந்த ஏழைச் சிறுவர்களுக்கு நூல் எழுதவும், அச்சுக் கோர்க்கவும், நூல் கட்டவும் கற்றுக்கொடுத்தவர் என்பதும் நம் இல்லங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. ஜனவரி மாதம் 31ஆம் திகதி அவரது திருநாள். இவ்வாரம் அவரது வாழ்வின் அந்தப் பக்கத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

1815ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 16ஆம் திகதி, வட இத்தாலியின் பியமொந்து பிரதேசத்தில், கஸ்தல்நுவோவோ என்னும் ஊரை அடுத்த பெக்கி என்ற குக்கிராமத்தில் யோவான் பொஸ்கோ பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்பே தந்தை இறந்துபோனார். தாய் மார்கரீத்தா எழுத்து வாசனை அறியாதவர். மூத்த தாரத்து மகனான அந்தோனியோவுக்கோ புத்தகம் என்றாலே வெறுப்பு. வயலில் மண்வெட்டி பிடிக்க வேண்டிய கைகளில் புத்தகம் எதற்கு என்பதே அவரது எண்ணம். இந்தக் குடும்பச் சச்சரவு காரணமாக யோவான் சிறு வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறி, ஒரு பண்ணையில் வேலைக்கு அமர நேர்ந்தது. ஆயினும், பனிக்காலத்து இரவுகளில் குளிருக்கு அஞ்சி அயலவர்கள் மாட்டுத் தொழுவங்களில் கூடும்போது, அவர்களுக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுபவன் அந்தச் சிறுவனே. வாசிக்கத் தெரியாத மக்கள் ஒரு புத்தகத்தை எவ்வளவு ஆவலுடன் செவிமடுப்பார்கள் என்பதை அவர் முதன்முதல் கண்டறிந்த இடம் அந்தத் தொழுவமே.

பின்னர் கியேரி நகரில் கல்வி கற்ற காலத்தில், அவர் தங்கிய இடங்களில் வேலை செய்தே தமது செலவை ஈடுசெய்தார். தையல், கொல்வேலை, பலகாரம் செய்தல் என அவர் கற்றுக்கொண்ட கைத்தொழில்கள் பல. அந்நகரிலே எலியா என்னும் யூதப் புத்தக வியாபாரி ஒருவர் இருந்தார். நூல் ஒன்றுக்கு ஒரு சிறு காசு கொடுத்தால் இத்தாலிய இலக்கியங்களை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். பணம் இல்லாத மாணவனுக்கு இது பெரும் வரப்பிரசாதமாயிற்று. குருமடத்தில் சேர்ந்தபின், உலக இலக்கியங்களின் அலங்கார நடையில் மூழ்கியிருந்த அவருக்குக் கிறிஸ்துநாதர் அனுசாரம் என்னும் நூல் கிடைத்தது. குறைந்த சொற்களில் இத்தனை ஆழத்தைக் கூறமுடியுமா என்று வியந்து, அன்றுமுதல் தமது சுவையையே மாற்றிக்கொண்டார்.

1841ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் திகதி அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவ்வாண்டின் பிற்பகுதியில் தூரின் நகருக்குச் சென்று, இளங்குருக்களுக்கான பயிற்சி நிலையத்தில் அருட்தந்தை யோசேப்பு கஃபாஸோவிடம் மூன்று ஆண்டுகள் பயின்றார். பிற்காலத்தில் புனிதராக உயர்த்தப்பட்ட இவ்வாசான் தம் மாணவரை ஏட்டுக் கல்வியோடு நிறுத்திவிடவில்லை. நகரத்துச் சிறைச்சாலைகளுக்கும் அழைத்துச் சென்றார். பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரையான பிள்ளைகள் கம்பிகளுக்குப் பின்னால் பசியோடும் பேன்களோடும் அடைபட்டுக் கிடந்த காட்சி இளங்குருவின் மனதைப் பிழிந்தது. விடுதலையாகிச் செல்பவர்களிற் பலர் சில வாரங்களில் மீண்டும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். வெளியே அவர்களைப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை என்பதே அதற்குக் காரணம்.

அன்றைய தூரின், சார்தீனிய இராச்சியத்தின் தலைநகர். ஒரு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்த நகரம். கட்டட வேலைக்கும், புகைபோக்கி துடைக்கவும், கல் சுமக்கவும் மலைநாட்டிலிருந்து சிறுவர்கள் கூட்டங்கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது. 1841ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் திகதி, அசிசி புனித பிரான்சிஸ் ஆலயத்தின் பொருளறையில் பர்த்தலோமேயு கரெல்லி என்ற அநாதை வாலிபனுடன் தொடங்கிய மறைக்கல்வி, பல இடங்களிலிருந்து விரட்டப்பட்டு, 1846ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று வல்தொக்கோ பகுதியில் பினார்தி என்பவருக்குச் சொந்தமான ஒரு தாழ்ந்த கொட்டிலில் நிலைபெற்றது. அவ்வாண்டு நவம்பரில் மார்கரீத்தா அம்மையாரும் கிராமத்து வீட்டை விட்டு மகனுடன் வந்து தங்கினார். அந்த இல்லத்துக்குத் தொன் பொஸ்கோ தெரிந்தெடுத்த பாதுகாவலர் புனித பிரான்சிஸ் சலேசியார். சாந்த குணத்திற்காக மட்டுமன்றி, மறையுரை கேட்க வராத மக்களின் வீட்டுக் கதவுகளுக்குக் கீழே தமது துண்டுப் பிரசுரங்களைச் செலுத்தி விசுவாசத்தைப் போதித்தவர் என்பதாலும் அவர் இப்பணிக்குப் பொருத்தமானவரே.

இரவு வகுப்புகளும் ஞாயிறு வகுப்புகளும் ஆரம்பமாயின. அப்பொழுதுதான் ஒரு குறைபாடு வெளிப்பட்டது. பத்து மணித்தியாலம் செங்கல் சுமந்துவிட்டு வரும் பையனுக்கு ஏற்ற புத்தகம் எங்கும் இல்லை. கடைகளில் இருந்தவை கற்றவர்களுக்காகக் கற்றவர்கள் எழுதியவை. எனவே தொன் பொஸ்கோ தாமே எழுதத் தொடங்கினார். குருமட நண்பர் லூயிஜி கொமொல்லோவின் வாழ்க்கையை 1844இல் வெளியிட்ட அவர், 1845இல் திருச்சபை வரலாற்றையும், 1847இல் திருவிவிலிய வரலாற்றையும், அதே ஆண்டில் இளைஞர்க்கான செபப் புத்தகம் ஒன்றையும் வெளியிட்டார். அச்செபப் புத்தகம் அவரது வாழ்நாளிலேயே நூற்றுக்கு மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. 1850ஆம் ஆண்டு தொடக்கம் பியமொந்தில் மெற்றிக் அளவை முறை நடைமுறைக்கு வரவிருந்தபோது, கடைக்காரரிடம் ஏழைகள் ஏமாந்துவிடக் கூடாதே என்று அதற்கும் ஒரு சிறு நூல் எழுதினார். அத்தோடு நில்லாமல், புதிய அளவைகளை விளக்கும் உரையாடல்களை எழுதி, அவற்றைச் சிறுவர்களைக் கொண்டே மேடையில் நடிக்கவும் வைத்தார். ஒரு குருவானவர் கிலோகிராமுக்காக நாடகம் எழுதினார் என்பது கேட்பதற்கு வேடிக்கையாயிருக்கலாம். அன்றாடச் சந்தையில் ஏமாற்றப்பட்டவர்களுக்கு அது வேடிக்கையன்று.

அவர் எழுதிய முறையே தனிச் சிறப்பானது. எழுதி முடித்த பக்கங்களை அதிகம் படியாத ஒரு வாயிற்காவலரிடமோ தம் தாயிடமோ வாசித்துக் காட்டுவார். அவர்களுக்கு விளங்காத சொல்லை நீக்கிவிடுவார். ஒருமுறை புனித இராயப்பரைப் பற்றிய உரையொன்றில், திறவுகோல்களை ஏந்தியவர் என்ற பொருள்தரும் ஓர் அரிய சொல்லை அவர் பயன்படுத்தியிருந்தார். அதைக் கேட்ட அம்மையார், அது எந்த ஊரின் பெயர் என்று வினவினாராம். அந்தச் சொல் உடனே நீக்கப்பட்டது. இலத்தீனும் இலக்கணமும் கற்ற ஒருவர் எழுத்தறியாத தாயைத் தமது எழுத்துக்கு நடுவராக ஏற்றுக்கொண்டார் என்பது, எழுதுகோல் பிடிப்பவர் எவரும் ஆழ்ந்து நோக்கவேண்டிய செய்தி.

ஆனால் எடுத்த காரியமெல்லாம் வெற்றி பெற்றுவிடவில்லை. 1848ஆம் ஆண்டில் பத்திரிகைச் சுதந்திரம் வழங்கப்பட்டதும் தூரின் நகரில் பத்திரிகைகள் மழைக்காலத்துக் காளான்களாய் முளைத்தன. தொன் பொஸ்கோவும் 'இளைஞரின் நண்பன்' என்ற பொருள்படும் பெயருடன் ஒரு பத்திரிகையை ஆரம்பித்தார். அறுபத்தொரு இதழ்கள் வெளிவந்தன. சந்தாதாரரோ நூற்றுச் சொச்சம் பேர். மறு ஆண்டிலேயே அது மற்றொரு பத்திரிகையுடன் இணைக்கப்பட்டு மறைந்தது. எஞ்சியது கடன் மட்டுமே. அந்தத் தோல்வியிலிருந்து அவர் ஒன்றைக் கற்றுக்கொண்டார் போலும். அன்றாட அரசியலோடு போட்டியிடும் பத்திரிகையை விட்டு, வீட்டிலே வைத்து மீண்டும் மீண்டும் வாசிக்கத்தக்க மலிவான சிறு நூல்களின் பக்கம் திரும்பினார். இவ்ரேயா ஆயர் லூயிஜி மொரேனோவின் ஆதரவுடன் 1853ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'கத்தோலிக்க வாசகம்' என்ற மாதாந்த நூல் வரிசை தொடங்கியது. ஏறக்குறைய நூறு பக்கங்கள், எளிய நடை, ஏழையும் வாங்கக்கூடிய சந்தா.

1848இல் வல்தேன்சு சபையினருக்குச் சமய சுதந்திரம் கிடைத்திருந்த காலம் அது. இரு தரப்பினரும் எழுத்தினால் கடுமையாக மோதிக்கொண்டார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் வாழும் நமக்கு அக்காலத்து வாதங்களின் காரம் ஒவ்வாததாகவே தோன்றும். எனினும் அந்நூல்களை எழுதியதற்காக அவர் செலுத்திய விலை சிறியதன்று. மறைக்கல்வி போதித்துக்கொண்டிருந்தபோது யன்னல் வழியாகப் பாய்ந்த துப்பாக்கிக் குண்டு அவரது கைக்கும் மார்புக்கும் இடையே ஆடையைக் கிழித்துச் சென்றது. மரணப் படுக்கையில் ஒருவர் இருப்பதாகப் பொய் கூறி அழைத்துச் சென்று, நஞ்சு கலந்த வைனைப் பருகும்படி வற்புறுத்தினார்கள். இவற்றை அவரே தமது நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்துள்ளார். எழுதுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

இதற்கிடையில் சிறுவர்களின் தொழிற் பயிற்சியும் வளர்ந்தது. ஆரம்பத்தில் அவர்களை நகரத்து எசமானர்களிடமே வேலைக்கு அனுப்பினார். சும்மா அனுப்பிவிடவில்லை. முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதி, எசமானும் பையனும் தாமும் கையொப்பமிட்ட பின்பே அனுப்பினார். 1852ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒரு தச்சரோடு செய்யப்பட்ட அத்தகைய ஒப்பந்தம் இன்றும் உள்ளது. பையனுக்குத் தொழிலைக் கற்பிக்க வேண்டும். தொழிலுக்குப் புறம்பான ஏவல் வேலை கொடுக்கக் கூடாது. தவறு செய்தால் சொல்லால் திருத்த வேண்டுமே தவிர அடிக்கக் கூடாது. ஞாயிறும் கடன் திருநாட்களும் ஓய்வு. ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுமுறை. ஆண்டுதோறும் கூலி உயர்வு. சிறுவர் தொழிலாளரைப் பாதுகாக்கச் சட்டங்கள் பெயரளவில்கூட இல்லாத காலத்தில் எழுதப்பட்ட வாசகங்கள் இவை என்பதை மனதிற் கொண்டு வாசிக்க வேண்டும்.

ஆயினும் பட்டறைகளில் அவர்கள் கேட்ட பேச்சும் கண்ட நடத்தையும் அவரது மனதை உறுத்தின. ஆகவே 1853இல் செருப்புத் தைக்கும் பட்டறையையும் தையற் பட்டறையையும் வல்தொக்கோ இல்லத்திலேயே அமைத்தார். அடுத்த ஆண்டு நூல் கட்டும் பட்டறை பிறந்தது. அது பிறந்த விதம் நம் இல்லங்களில் சொல்லி மகிழத்தக்கது. காவல் தூதரைப் பற்றிய நூல் ஒன்றின் அச்சடித்த தாள்களை ஒரு மேசையில் பரப்பி, ஒரு சிறுவனை அழைத்து, இனி நீயே நூற்கட்டாளன் என்றார். பையனுக்கோ ஒன்றும் தெரியாது. தாள்களை மடிப்பது எப்படி என்று அவரே காட்டினார். மார்கரீத்தா அம்மையார் ஊசியும் நூலும் எடுத்துத் தைத்தார். கோதுமை மாவில் பசை காய்ச்சப்பட்டது. ஓரங்களை வெட்ட இயந்திரம் இல்லாமையால் சமையலறையில் மரக்கறி நறுக்கும் கத்தி வந்தது. சுற்றி நின்ற சிறுவர்கள் சிரித்தார்கள். ஆனால் மாலைக்குள் ஒரு புத்தகம் உருவாகியிருந்தது.

அச்சகம் அமைக்க நகர அதிகாரிகளின் அனுமதி தேவைப்பட்டது. 1861ஆம் ஆண்டின் இறுதி நாளில் அனுமதி கிடைத்து, 1862இல் அச்சகம் இயங்கத் தொடங்கியது. கையால் சக்கரம் சுழற்றி இயக்கும் பழைய இயந்திரங்கள்; சில எழுத்துப் பெட்டிகள்; தொழில் தெரிந்த ஓர் ஆசான். தெருவிலிருந்து வந்த பையன் ஈய எழுத்துகளைத் தலைகீழாக வாசிக்கப் பழகினான். ஒரு சொல்லைக் கோர்க்க வேண்டுமானால் அதன் எழுத்துக்கூட்டல் தெரிந்திருக்க வேண்டும். எனவே மாலையில் இலக்கண வகுப்புக்கும் போனான். அச்சுக் கோர்ப்பவன், அச்சடிப்பவன், கட்டுபவன், விற்பவன் என ஒரே கூரையின் கீழ் ஒரு முழு உலகம் உருவாயிற்று. அதே இல்லத்தில் படித்த மாணவர்களே எழுத்தாளர்களாகவும் மாறினார்கள். அவர்களிற் சிலரைக் கொண்டே 1859ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சலேசிய சபை உருவாகியிருந்தது. பிரான்செஸியா இலத்தீன் அறிஞரானார். துராந்தோ இலத்தீன் அகராதி தொகுத்தார். பொனெத்தி, 1877இல் தொடங்கிய சலேசிய மாத இதழுக்குப் பொறுப்பேற்றார். 1869 முதல் 1885 வரை இளைஞர்க்கென இத்தாலிய இலக்கியங்கள் 204 தொகுதிகளாக வெளியிடப்பட்டன. ஒருகாலத்தில் எலியாவின் கடையில் காசு கொடுத்து இரவல் வாங்கிய மாணவன் தாமே ஒரு நூலகத்தை அச்சிட்டு வழங்கினார்!

எழுதியவை யாவும் குறையற்றவை என்று அவர் கருதியதில்லை. தம்மிடம் கற்று 1857இல் பதினான்கு வயதிலே இறந்த தொமினிக் சாவியோவின் வரலாற்றை 1859இல் வெளியிட்டபோது, அச்சிறுவனுடன் பழகிய தோழர்கள் அதே இல்லத்தில் இருந்தார்கள். நூலிலுள்ள ஒரு சம்பவம் சரியாகக் கூறப்படவில்லை என்று ஒரு மாணவன் எதிர்ப்புத் தெரிவித்தான். அடுத்த பதிப்பில் அது திருத்தப்பட்டது. இதைவிடக் கசப்பான அனுபவம் 1867இல் நேர்ந்தது. புனித இராயப்பரின் நூற்றாண்டு நினைவை ஒட்டி அவர் எழுதிய நூலில் பிழையான கூற்றுகள் உண்டென உரோமையில் முறைப்பாடு செய்யப்பட்டது. தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலைக் கவனித்த திருச்சங்கம் அதை ஆராய்ந்தது. திருச்சபைக்காகத் துப்பாக்கிக் குண்டையும் எதிர்கொண்டவருக்கு அத்திருச்சபையிடமிருந்தே வந்த இக்குற்றச்சாட்டு எவ்வளவு வேதனை அளித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் விளக்கம் எழுதி அனுப்பினார். மறுபதிப்பில் குறிப்பிட்ட இடங்களைத் திருத்தினார். நூல் தடைப்பட்டியலில் சேர்க்கப்படவில்லை. இல்லத்துப் பட்டறைகளில் வேலை வழக்கம்போல் நடந்தது.

1877இல் மாத்தி என்ற ஊரில் ஒரு காகித ஆலையையும் அவர் வாங்கினார். அதன் பயனை உலகம் கண்டது 1884ஆம் ஆண்டு தூரின் நகரில் நடைபெற்ற தேசியக் கண்காட்சியிலே. தொன் பொஸ்கோவின் கூடத்தில் ஒரு முனையில் கந்தைத் துணிகள் கூழாக்கப்பட்டன. அக்கூழ் காகிதமாயிற்று. காகிதம் அச்சேறியது. அச்சேறிய தாள்கள் மடித்துத் தைத்துக் கட்டப்பட்டு, மறுமுனையில் புத்தகமாக விற்பனைக்கு வந்தன. இவை யாவற்றையும் செய்தவர்கள் அவரது இல்லத்து இளைஞர்கள். மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். ஆனால் நடுவர்கள் வெள்ளிப் பதக்கம் ஒன்றை மட்டும் வழங்கத் தீர்மானித்தார்கள். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. கால்கள் வீங்கி, பார்வையும் குன்றியிருந்தது. தாழ்ச்சியுள்ள புனிதர் மௌனமாக ஏற்றுக்கொண்டிருப்பார் என்றுதான் நாம் எண்ணுவோம். அவரோ அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்தில் குழுவுக்குக் கடிதம் எழுதினார். தீர்ப்பை மீளாய்வு செய்ய வேண்டும். அது இயலாதெனில் எப்பரிசும் வேண்டாம், பரிசு வழங்கியதாக அச்சிலும் குறிப்பிட வேண்டாம் என்பதே அதன் சாரம். அது தமக்காக எழுதிய கடிதமன்று என்றே நான் கருதுகிறேன். இயந்திரங்களின் முன் நின்ற பையன்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட அவர் இடங்கொடுக்கவில்லை.

அதற்கு முந்திய ஆண்டு, மிலான் மறைமாவட்டத்தைச் சேர்ந்த இளங்குரு ஒருவர் வல்தொக்கோவைப் பார்வையிட வந்திருந்தார். அச்சகத்தின் சிறப்பை அவர் வியந்து பாராட்டியபோது, இத்தகைய காரியங்களில் தாம் எப்பொழுதும் முன்னேற்றத்தின் முன்னணியிலேயே நிற்க விரும்புவதாகத் தொன் பொஸ்கோ அவரிடம் கூறினார். அகில்லே ராத்தி என்ற அந்த இளங்குருவே பிற்காலத்தில் 11ஆம் பத்திநாதர் என்ற பெயருடன் பாப்பரசரானார். 1929இல் தொன் பொஸ்கோவை முத்திப்பேறு பெற்றவராகவும், 1934ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி, உயிர்ப்புப் பெருவிழாவன்று, புனிதராகவும் உயர்த்தியவர் அவரே.

1885ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் திகதி, புனித சூசையப்பர் திருநாளன்று, நல்ல நூல்களைப் பரப்புவது பற்றித் தமது சபையினர் அனைவருக்கும் தொன் பொஸ்கோ ஒரு சுற்றுமடல் எழுதினார். இறை பராமரிப்பு தம்மிடம் ஒப்படைத்த முக்கிய பணிகளில் இதுவும் ஒன்று என அதில் அவர் குறிப்பிட்டார். 1886இல் கூடிய சபையின் பொதுப் பேரவை, தொழில் பயிலும் மாணவரின் ஆன்மிகம், கல்வி, தொழில் ஆகிய மூன்றையும் எவ்வாறு நெறிப்படுத்துவது என்று வகுத்துக் கொடுத்தது. 1888ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி அதிகாலையில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவரது சபையினர் 1906இல் தஞ்சாவூருக்கும், 1956இல் நம் நாட்டின் நீர்கொழும்புக்கும் வந்து சேர்ந்தார்கள்.

இன்னுமொரு செய்தி. பாப்பரசர் 9ஆம் பத்திநாதரின் விருப்பத்திற்கிணங்க 1873க்கும் 1875க்கும் இடையில் அவர் தமது வாழ்க்கை நினைவுகளை எழுதினார். பிறருக்காக எண்ணற்ற நூல்களை அச்சிட்ட அவர், அந்தக் கையெழுத்துப் பிரதியைத் தமது பிள்ளைகளான சலேசியர் மட்டும் வாசிக்க வேண்டும், தமது மரணத்துக்கு முன்னரோ பின்னரோ அதை வெளியிடக் கூடாது என்று எழுதி வைத்தார். 1946இல் 12ஆம் பத்திநாதர் அவரைக் கத்தோலிக்க நூல் வெளியீட்டாளரின் பாதுகாவலராக அறிவித்தார். அந்த நினைவுக் குறிப்புகள் முதன்முறையாக முழுமையாக அச்சேறியதும் அதே ஆண்டிலேதான்.